போத்தலுக்குள் மீரா சாகிப்

மீரா சாகிப்பின் மச்சத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்த கதையைச் சொல்லப் போகிறேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பாதவர்கள் பினாங்கில் ஏதாவது ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போய், வரிசையில் அரை நாள் நின்றுவிட்டு வந்து மேலே படிக்கலாம். நான் காத்திருக்கிறேன்.

மீரா சாகிப் தொங்கான்காரர். பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றிலிருந்து அரிசியும் வெங்காயமும் இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் சரக்குப் படகுதான் தொங்கான். சுலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மனைவி ருக்கையா, இரண்டு பெண் பிள்ளைகள். பிறந்ததிலிருந்தே அவருடைய இடது குதிகாலில் மிளகளவு ஒரு கறுப்பு மச்சம். காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டிப் பிழைப்பான் என்று நாகூரில் யாரோ சொல்ல, அதை நம்பித்தான் மனிதர் கப்பலேறினார். பத்தொன்பது வருஷம் அந்த மச்சத்தை மிதித்தபடியே பிழைப்பும் நடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் மச்சம் அவரைத் திருப்பி மிதிக்க ஆரம்பித்தது. மிளகாக இருந்தது சுண்டைக்காய் ஆயிற்று. ஓரம் கோணல்மாணலாகப் பரவிற்று, ரத்தமும் கசிந்தது. ஆணி குத்தியிருக்கும் என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மறுவருஷம் ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். என் பேரிலும் அங்கே ஒரு சீட்டு கிடக்கிறது.

அங்கே இருந்த அறுவை டாக்டரை எல்லோரும் வெட்டுதுரை என்பார்கள். வெள்ளைக்காரர். மதராசில் பத்து வருஷம் வேலை பார்த்தவர், ஆகவே சிக்கனமாகத் தமிழ் பேசுவார். குதிகாலைப் பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. இது சாதாரண மச்சம் இல்லை, கரும்புற்று, இங்கிலீஷில் மெலனோமா என்று பெயர் என்றார். மறுநாளே மச்சத்தைச் சுற்றுச் சதையோடு வெட்டி எடுத்துவிட்டார்.

"வெட்டியாச்சு. ஆனா இது கெட்ட ஜாதி," என்றார் துரை. "மூணு மாசம், வா, காட்டு. இன்னும் மூணு மாசம், வா, காட்டு. அஞ்சு வருஷம். இங்கே நெறி கட்டினா..." என்று மீரா சாகிப்பின் இடது தொடையிடுக்கில் விரலை வைத்தார், "நிக்காதே. ஓடி வா. ஓடி வந்தா பிழைப்பே. மெதுவா வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

இவ்வளவுதான் வைத்தியம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். இதை யாருக்கும் புரியாதபடி செய்வதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தனிக் கட்டடம் இருந்தது. அதற்குப் பின்பார்வை இலாகா என்று பெயர்.

இலாகாவின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, காதில் ஒரு பென்சில். மனிதர் கெட்டவரல்லர். இருபத்திரண்டு வருஷ சேவையில் ஒரு காகிதத்தைக்கூடத் தொலைத்தவரல்லர். மனிதர்கள் தொலைந்திருக்கலாம், அதற்குப் பதிவேடு கிடையாது.

மூன்று மாதம் கழித்து, குறித்த தேதியில், மீரா சாகிப் காலைக் கழுவிக்கொண்டு போய் நின்றார்.

"பாஸை எடும்," என்றார் கார்த்திகேசு.

அந்தக் காலத்தில் துறைமுகத்துக்குள் போய்வர ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் உண்டு. படம் ஒட்டுகிற வழக்கமெல்லாம் துரைமார்களுக்குத்தான். மற்றவர்களின் முகத்தை அரசாங்கம் நம்புவதில்லை. அங்க அடையாளத்தைத்தான் நம்பும். மீரா சாகிப்பின் பாஸில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'இடது குதிகாலில் கறுப்பு மச்சம் ஒன்று' என்று எழுதியிருந்தது. இலாகாவும் அதையே தன் சீட்டில் நகல் எடுத்து வைத்திருந்தது.

"குதிக்காலைக் காட்டும்."

காட்டினார். கார்த்திகேசு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"மச்சம் எங்கை காணும்?"

"வெட்டிட்டாங்களே ஐயா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"மச்சம் இல்லாட்டில் நீர் மீரா சாகிப் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"நான்தான் ஐயா மீரா சாகிப். என்னயே காட்டுறேனே, போதாதா?"

"எல்லாரும் தங்களைத்தான் காட்டுகினம்," என்றார் கார்த்திகேசு பொறுமையாக. "அதுக்குத்தான் அடையாளம் எண்டு ஒண்டு வைச்சிருக்குது. நாளைக்கு வேறை ஒருத்தன் வந்து தன்ரை காலை மீரா சாகிப்பின்ரை கால் எண்டு காட்டி, இலவசமாகப் பரிசோதனை செய்துகொண்டு போனால் அரசாங்கத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

இன்னொருவனுடைய புற்றுநோய்ப் பரிசோதனையைத் திருடிக்கொண்டு போகிற கூட்டம் பினாங்கில் அலைந்துகொண்டிருந்தது மீரா சாகிப்புக்கு அன்றுதான் தெரியும். பயந்துபோனார். கார்த்திகேசுவே இரங்கி ஒரு வழி கண்டுபிடித்தார். வெட்டிய மச்சத்தை ஆஸ்பத்திரியார் தூக்கி எறியவில்லை. ஒரு போத்தலில் மருந்துத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவரும்படி பியூன் காஜா மொய்தீனை அனுப்பினார். போத்தல் வந்தது. உள்ளே மச்சம் மிதந்தது.

"கறுப்பு. ஒண்டு. இடது குதிக்கால் எண்டு லேபிள் இருக்குது," என்று கார்த்திகேசு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். "அடையாளம் பொருந்துது. மீரா சாகிப் வந்திட்டார்."

"நான் மொதல்லயே வந்துட்டேனே ஐயா," என்றார் மீரா சாகிப்.

"நீர் பேசாதையும்."

பரிசோதனை போத்தலுக்கு நடந்தது. நிறம் பார்த்தார்கள். கோல் வைத்து அளந்தார்கள். புதிதாகப் பரவியிருக்கிறதா என்று போத்தலைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கார்த்திகேசு முத்துமுத்தான எழுத்தில் எழுதினார்: 'மீரா சாகிப், மாற்றம் ஒன்றும் இல்லை.' நேரில் வந்திருந்த மீரா சாகிப்பின் பெயரைப் பதிவேட்டில் எங்கேயாவது சேர்க்க வேண்டுமே என்று தேடி, 'துணைக்கு வந்தவர்: ஒருவர்' என்று போட்டார்.

"ஐயா, என் காலப் பாக்கலியே?"

"துணைக்கு வந்தவையளின்ரை காலை நாங்கள் பாக்கிறேல்லை," என்றார் கார்த்திகேசு.

இரண்டாம் தடவை போனபோது ஏற்பாடுகள் இன்னும் முன்னேறியிருந்தன. பதிவு பெற்ற நோயாளிக்குக் கட்டில் உண்டு என்பது விதி. ஆகவே போத்தலுக்கு ஜன்னலோரமாக ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். வெள்ளை விரிப்பு, தலையணை, நடுவே போத்தல். காலையில் ரொட்டியும் பாலும் உண்டு. போத்தல் சாப்பிடாததால் காஜா மொய்தீன் சாப்பிட்டார். 'பசி நன்றாக இருக்கிறது' என்று அதுவும் பதிவாயிற்று. மீரா சாகிப் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து போத்தலுக்கு ஈ ஓட்டினார். என்ன இருந்தாலும் தன் சதையல்லவா என்று அவருக்கு ஒரு பாசம்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு போத்தல். அதற்குத் துணையாக நிபோங் திபால் ரப்பர் தோட்டத்திலிருந்து சின்னம்மா என்ற பால்வெட்டுக்காரி வந்திருந்தாள். படகேறி, பொழுது விடியுமுன் புறப்பட்டவள்.

"ஒங்களது என்னா அண்ணே?" என்று கேட்டாள்.

"கால் மச்சம். ஒங்களது?"

"கழுத்துக் கட்டி. நல்லா இருக்காம். எனக்குத்தான் ரெண்டு மாசமா சோறு எறங்கல."

"கிராணிகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன் லா. கட்டிக்குத் தொந்தரவா இருக்கும், மெல்லப் பேசுங்கறாரு."

இதற்குள் துறைமுகத்திலும் சங்கடம். வாசலில் நிற்கிற காவல்காரர் குதிகாலைப் பார்த்தார், மச்சம் இல்லை, உள்ளே விடமாட்டேன் என்றார். மீரா சாகிப் இலாகாவுக்கு ஓடி ஒரு சான்றிதழ் வாங்கி வந்தார். 'மேற்படி மீரா சாகிப் எங்கள் பராமரிப்பில் கட்டிலில் சுகமாக இருக்கிறார்' என்று அதில் எழுதியிருந்தது. காவல்காரர் அதைப் படித்துவிட்டு, "அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. நீ யாரு?" என்றார். அன்று முதல் மீரா சாகிப் தன் சொந்த வேலையை, மீரா சாகிப்புக்குப் பதில் ஆளாகச் செய்து வந்தார். அதிலொன்றும் அவருக்குக் குறையில்லை. மூட்டைக்கு ஆளைத் தெரியாது.

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குளிக்கும்போது இடது தொடையிடுக்கில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு அளவு. வலி இல்லை. அழுத்தினால் நகரவும் இல்லை. மீரா சாகிப் சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். கடலில் புயல் பார்த்தவர், தொங்கான் கவிழ்ந்து நீந்திக் கரையேறியவர். அன்றைக்கு அவருக்குச் சோப்பைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. மூத்தவளுக்கு வயது பதினான்கு, இளையவளுக்குப் பத்து என்று அவர் மனம் எதற்கோ திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது.

"ஓடி வரச் சொன்னாருல்ல தொர? ஓடுங்க," என்றாள் ருக்கையா.

ஓடினார். கார்த்திகேசு தலை நிமிரவில்லை.

"உங்கடை தேதி அக்டோபர் பத்து."

"ஐயா, நெறி கட்டிருக்கு. தொர ஒடனே வரச் சொன்னாரு."

"ஆருக்கு நெறி? மீரா சாகிப்புக்கோ?" கார்த்திகேசு எழுந்து போய் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தார். "அவருக்கு ஒண்டும் இல்லை. சுகமாகக் கிடக்கிறார்."

"எனக்கு ஐயா. இங்க. தொட்டுப் பாருங்க."

"நீர் துணைக்கு வந்தவர். துணைக்கு வந்தவருக்கு இந்த இலாகாவிலை வைத்தியம் செய்யேலாது. வெளிநோயாளி வாசலுக்குப் போம்."

வெளிநோயாளி வாசலில் இருந்தவர் பெயரைக் கேட்டார், பதிவேட்டைப் புரட்டினார். "மீரா சாகிப்பா? நீ பின்பார்வைக் கேஸ். ஒன்ன நாங்க தொடக் கூடாது," என்று திருப்பி அனுப்பினார். வெட்டுதுரையை நேரில் பார்க்கலாம் என்று போனால், அறை வாசலில் பின்பார்வை இலாகாவின் சீட்டு கேட்டார்கள். சீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தார். பத்தொன்பது நாள் ஆயிற்று. கொட்டைப்பாக்கு சும்மா இருக்கவில்லை. கூட ஒரு பட்டாணியைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

ஒருநாள் துணிந்து துரையின் காருக்கு அருகே போய் நின்றார். துரை வந்தார், அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"மீரா சாகிப்! ரிப்போர்ட் படிச்சேன். மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை. பசி நல்லது. ரொம்ப சந்தோஷம்!"

"தொர, அது நானில்ல, அது போத்த..."

கார் போய்விட்டது. துரை நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் ரிப்போர்ட்டை நம்புவது.

மறுபடியும் கார்த்திகேசுவிடம் போய் அழாத குறையாக நின்றார் மீரா சாகிப். அப்போது கார்த்திகேசு ஆற்றிய பிரசங்கத்தை அந்தக் கட்டடத்தின் வாசலில் கல்லில் பொறித்து வைக்கலாம்.

"இரும். இந்த இலாகாவின்ரை சரித்திரம் உமக்குத் தெரியாது. முந்தி நாங்களும் மனுசரை வைச்சுத்தான் பின்பார்வை பாத்தம். என்ன நடந்தது? நூறு பேரிலை நாப்பது பேர் செத்துப்போச்சினம். சிலபேர் சொல்லாமல் ஊருக்குப் போயிட்டினம். ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு மை. போத்தலைப் பாக்கத் துவங்கி மூண்டு வருசம். ஒரு போத்தலாவது செத்திருக்குதோ? ஒரு போத்தலாவது தேதி தவறினதோ? வாற வியாழக்கிழமை சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை பாக்க வாறார். உம்மைப்போலை ஆக்கள் இந்த நேரத்திலை நெறியும் கிறியும் கட்டிக்கொண்டு வந்து நிண்டால், நூத்துக்கு நூறு எண்ட பேர் என்னத்துக்கு ஆகும்?"

மீரா சாகிப் வீட்டுக்கு வந்து சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்தார். ருக்கையா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக் கணக்குல நீங்க யாரு?" என்று திடீரென்று கேட்டாள்.

"தொணைக்கு வந்தவன்."

"அப்ப என் புருசன்?"

"போத்தல்ல."

முறம் நின்றது. ருக்கையா அதைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு எழுந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க ஆஸ்பத்திரி வாசல்லயே நில்லுங்க. என்கூட உள்ள வராதீங்க. நான் வேத்து ஆம்பளயோட ஆபீசுக்குள்ள போறதில்ல," என்று சொல்லிவிட்டு நடந்தாள். மீரா சாகிப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபது வருஷ இல்வாழ்க்கையில் விளங்காதபோது சும்மா இருக்கப் பழகியிருந்தார்.

கார்த்திகேசுவின் மேசைக்கு முன் போய் முகத்தை மூடியபடி நின்றாள்.

"ஐயா, என் புருசன் மீரா சாகிப் இங்க இருக்காராமே."

"ஓம் அம்மா. சுகமாக இருக்கிறார்."

"அப்ப என் வீட்டுல ஒரு ஆளு இருக்காரே, அவரு யாரு?"

"அவர் துணைக்கு வந்தவர்."

"அல்லாவே," என்றாள் ருக்கையா. "ஒம்பது மாசமா வேத்து ஆம்பள ஒருத்தர் எங்கூட ஒரே வீட்டுல இருக்காரு. நான் சோறாக்கிப் போட்டிருக்கேன். ரெண்டு பொட்டப் புள்ளைங்க வளர்ற வீடு ஐயா. ஜமாத்துல கேட்டா நான் என்னா சொல்லுவேன்? அரசாங்கமே எழுதிருக்கு, அது என் புருசன் இல்லேன்னு. ஒண்ணு அந்த ஆளு மீரா சாகிப்னு எழுதிக் குடுங்க. இல்ல, போத்தலக் குடுங்க. என் புருசன நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கார்த்திகேசு மனைவி மக்கள் உள்ளவர். ஒரு குடும்பப் பெண்ணின் மானத்துக்குத் தம் இலாகாவால் பங்கம் வருவதை அவர் விரும்பவில்லை. ஆனால் பதிவேட்டில் எழுதியதை அடிக்க முடியாது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பத்தொன்பதாம் நம்பர் பாரம் அகப்பட்டது: 'தேறி வரும் நோயாளியை ஓர் இரவு வீட்டுக்கு அனுப்பலாம், மனைவி கையெழுத்திட வேண்டும்.' கட்டிலில் கிடக்கும் நோயாளிகளில் இவ்வளவு நன்றாகத் தேறி வருபவர் வேறு யாரும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை காலமை திருப்பிக் கொண்டு வரவேணும். வியாழன் பெரிய துரை வாறார். குளிர் காத்துப் படாமல் பாத்துக்கொள்ளும்," என்றார்.

அன்று திங்கள். மீரா சாகிப் ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போனார். அதாவது போத்தல் ஏறிப் போனது. காஜா மொய்தீன் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். மீரா சாகிப் பின்னால் நடந்து போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ருக்கையா சொன்ன நேரத்துக்கு வந்தாள். இந்தத் தடவை கணவரும் பக்கத்திலேயே நின்றார். மேசைமேல் போத்தலை வைத்தாள். போத்தல் பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கார்த்திகேசு போத்தலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "எங்கை?"

"அடக்கம் பண்ணியாச்சு ஐயா."

"என்ன?"

"பள்ளிவாசல் பிலாலக் கேட்டேன். ஒடம்புலேருந்து எது பிரிஞ்சாலும் மண்ணுக்குத்தான் கொடுக்கணும், போத்தல்ல போட்டு வெச்சுப் பாக்குறது நம்ம வழக்கம் இல்லேன்னாரு. வெள்ளத் துணியில சுத்தி நேத்து அசர் தொழுகைக்கு அப்பறம் மையத்தாங்கொல்லையில வெச்சாச்சு."

மையத்தாங்கொல்லை என்றால் அடக்கஸ்தலம். அது கார்த்திகேசுவுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மூன்று வருஷத்தில் இலாகாவின் முதல் மரணம். அதுவும் பெரிய துரை வருவதற்கு இரண்டே நாள் முன்பு, வீட்டுக்கு அனுப்பிய நோயாளி. பாரத்தில் தம்முடைய கையெழுத்து.

"தோண்டி எடுக்கேலாதோ?" என்றார் ஈனசுரத்தில்.

"மையத்தத் தோண்டுறதா? ஊரே தெரண்டு வந்துரும் ஐயா," என்றாள் ருக்கையா. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மௌத்தானவர் திரும்ப மாட்டாரு. ஆனா அவருக்கு ஒரு தம்பி இருக்கு."

"தம்பியோ?"

"அதே ஒடம்பு, அதே ரத்தம். இந்தா இவரு எடது தொடையில. மூத்தத விடப் பெருசு. போத்தல் நெறயும்."

கார்த்திகேசு மெதுவாகத் தலையைத் திருப்பி மீரா சாகிப்பைப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் அந்த இலாகா அவரை ஒரு நோயாளியாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. பார்வையில் அப்படியொரு அன்பு.

"தம்பி," என்றார், "உமக்கு எழும்பி நிக்கக் கஷ்டமாக இல்லையோ? ஏன் நிக்கிறீர்? காஜா மொய்தீன், ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வா."

பத்தொன்பது நாளில் கிடைக்காத சீட்டு பதினோரு நிமிஷத்தில் தயாராயிற்று. மூன்று முத்திரை, இரண்டு நகல், முன்தேதி. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைக் காஜா மொய்தீன் தூக்கினார். மறுமுனைக்கு ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையின்றிக் கார்த்திகேசுவே தூக்கினார். வராந்தாக்கள் வழியாக அவர்கள் ஓடிய ஓட்டத்தை அன்று அங்கே படுத்திருந்தவர்கள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வழி விடுங்கோ, வழி விடுங்கோ, போத்தல் வெறுமையாக் கிடக்குது," என்று கார்த்திகேசு கத்திக்கொண்டே ஓடினார். ஓடி வா என்று துரை சொன்னபடிக்கு, கடைசியில் மீரா சாகிப்பும் ஓட்டமாகவே போய்ச் சேர்ந்தார், படுத்தபடி. ருக்கையா காலி போத்தலை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

வெட்டுதுரை சிரித்துக்கொண்டே வந்தார். தொடையிடுக்கில் கை வைத்தார். சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாள்?"

"மூணு வாரத்துக்கு மேல ஆச்சு தொர."

துரை கார்த்திகேசுவின் பக்கம் திரும்பினார். "மாற்றம் இல்லைன்னு எழுதினே."

"மாற்றம் இல்லைத்தான் துரை. போத்தலிலை."

"இந்த ஆளை யார் பார்த்தது?"

"இவரை ஒருத்தரும் பாக்கேல்லை துரை. இவர் துணைக்கு வந்தவர்."

துரைக்குத் தெரிந்த தமிழ் அந்த இடத்துக்குப் போதவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கார்த்திகேசு அதைக் குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்து, பிறகு வேண்டாமென்று காதிலேயே செருகிக்கொண்டார்.

அன்று பிற்பகலே அறுவை. ருக்கையா வராந்தாவில் உட்கார்ந்து, தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினாள். அதுவரை யாரிடமும் காட்டாத பயம் முழுவதும் அப்போதுதான் அவளுக்கு வந்தது. துப்பட்டிக்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கார்த்திகேசுவும் அங்கேயேதான் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவருடைய கவலை வேறு. மாலை துரை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "எல்லாம் வெட்டியாச்சு. ரெண்டு கட்டி. மேலே போகலை. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா..." என்று தலையை ஆட்டினார். "பிழைச்சுக்குவான்."

கார்த்திகேசு போத்தலை நீட்டினார். பெரியது ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ருக்கையா தடுக்கவில்லை. வியாழன் போகட்டும், இதையும் அடக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை சிங்கப்பூர்ப் பெரிய துரை வந்தார். ஜன்னலோரக் கட்டிலின் முன் நின்றார். மிளகளவாக இருந்தது, ஜனவரியில் சுண்டைக்காய் அளவில் வெட்டியது என்று பதிவேடு சொன்னது. இப்போது கட்டிலில் கொட்டைப்பாக்கைவிடப் பெரிதாக ஒன்று கிடந்தது. போத்தலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் பேசியதை ஒருவர் தமிழில் சொன்னார்:

"எத்தனையோ ஊர்களில் பின்பார்வை இலாகாக்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிகள் இளைத்துப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கேதான் ஒரு நோயாளி ஒன்பது மாதத்தில் இப்படி வளர்ந்து கொழுத்திருப்பதைப் பார்க்கிறேன். இதுவே நல்ல பராமரிப்பு. டாக்டர்கள் வெட்டுவதோடு சரி. அதன் பிறகு காப்பாற்றுவது கிராணிகள்தாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்டுதுரை தட்டவில்லை. பெரிய துரை போன பிறகு சின்னம்மாவை முக்காலியிலிருந்து எழுப்பி, கையைப் பிடித்துத் தம் அறைக்குக் கூட்டிப் போனார். கட்டிலில் இருந்த அவளுடைய போத்தலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் கார்த்திகேசுவுக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. போகும்போது மீரா சாகிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் ஒரு நல்ல துணை," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த ஜனவரியில் பின்பார்வைத் தேதி வந்தது. இனிமேல் மீரா சாகிப்பை நானே கையால் தொட்டுப் பார்ப்பேன் என்று வெட்டுதுரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் சீட்டு சீட்டுதானே. புதிதாக ஒரு கிராணி உட்கார்ந்திருந்தார். புதுச் சீட்டு, புதுப் பேனா. மீரா சாகிப்பும் ருக்கையாவும் சேர்ந்தே போய் நின்றார்கள்.

"அங்க அடையாளம்?" என்றார் புதுக் கிராணி. "பழைய மச்சம் இல்லையாமே. வேற என்ன எழுதட்டும்?"

மீரா சாகிப் கை கால்களைப் பார்த்துக்கொண்டார். மச்சம் என்று ஒன்றும் மிச்சமில்லை. தழும்புதான் இரண்டு இருந்தது. சொல்லலாமா, சொன்னால் அதற்கும் ஒரு கட்டில் போட்டுவிடுவார்களோ என்று தயங்கினார்.

"உசுரோட இருக்காரு," என்றாள் ருக்கையா. "அத எழுதுங்க."

கிராணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "அது முடியாதும்மா. மாறக்கூடிய அடையாளத்த எழுதக் கூடாது."

"மாறக்கூடியதுதான் ஐயா," என்றாள் ருக்கையா. "அதப் பாக்கத்தானே மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்றோம்."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். மேசைக்கு மேலாக எட்டி, மீரா சாகிப்பை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.